ஒட்டகச்சிவிங்கி மார்க் பெல்ட்

யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் நான் ரைட்டராக வேலை பார்த்தேன். அப்போது மோட்டார் சாமான்களின் தரத்தைப் பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் விளக்கு இருக்கும், பின்னால் புகை வரும் என்பதுதான். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, கரிவாயுவில் ஓட்டுவதற்காக வண்டிகளின் முதுகில் கரியடுப்பைக் கட்டிவிட்ட பிறகு எல்லாப் பக்கமும் புகை வந்தது. அதோடு என் ஞானமும் போயிற்று.

கம்பெனிக்கு நாலு பஸ். முதலாளி அதற்கு முன்னால் மாட்டு வியாபாரம் செய்தவர். பல்லையும் மயிர்ச்சுழியையும் பார்த்து மாட்டுக்கு விலை சொல்வதில் சமஸ்தானத்திலேயே அவருக்கு ஒரு பேர் இருந்தது. மோட்டாரையும் அப்படித்தான் பார்த்தார். சாமான் வந்தால் பெட்டியைத் திறக்கமாட்டார். அட்டையில் இருக்கும் மார்க்கைத் தடவிப் பார்ப்பார். "மார்க் சரியா இருந்தா உள்ள சரியா இருக்கும்" என்பார். யுத்தத்துக்கு முன்னால் அவர் வாங்கியதெல்லாம் சீமையிலிருந்து வந்த ஒட்டகச்சிவிங்கி மார்க் சாமான்கள். மஞ்சள் அட்டையில் ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்று இலை தின்றுகொண்டிருக்கும். அந்த மிருகத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதன்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது.

பார்த்திருந்த ஒரே ஆள் எங்கள் மெக்கானிக் பாய். கோட்டைப்பட்டினத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். ரங்கூனில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, குண்டு விழுந்தபோது நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அந்த நடையைப் பற்றி யார் கேட்டாலும் "வந்துட்டேன்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ரங்கூன் மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கி பார்த்ததை மட்டும் கேட்காமலே சொல்வார்.

பாய் சாமானைப் பரிசோதிக்கிற விதம் வேறு. பேரிங்கை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். பிஸ்டன் ரிங்கை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பெல்ட்டைக் கடித்து, மென்று, துப்பிவிட்டு "தாரு" என்பார், ரப்பர் இல்லை என்று அர்த்தம். யுத்தம் முற்றி சீமைக் கப்பல் வருவது நின்றபின், வந்த சாமான்களையெல்லாம் அவர் துப்பிக்கொண்டே இருந்தார். பெட்டி அதே மஞ்சள் பெட்டி, மேலே அதே ஒட்டகச்சிவிங்கி. பாய் மட்டும் "இது அது இல்ல" என்று தள்ளிவிடுவார். இப்படியே இரண்டு பஸ்கள் சக்கரத்தைக் கழற்றிக் கல்மேல் ஏறி நின்றுவிட்டன.

முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ரைட்டரே, இங்கிட்டு வாங்க. பெட்டியில இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்குல்ல, படிப்பீங்கள்ல?"

"படிப்பேன் முதலாளி."

"அப்ப இனிமே சாமானுக்கு நீங்கதான் பரிசோதனை. பாய் கடிச்சுப் பாக்குறது போதும். நீங்க படிச்சுப் பாருங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டிக்டேஷனில் ஒரு தப்புக்கூட விடாமல் எழுதியவன் நான். அதற்குப் பிறகு அந்தத் திறமையை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. ஆகவே தலையாட்டிவிட்டேன்.

அந்த வாரம் திருச்சினாப்பள்ளி ஏஜெண்டிடமிருந்து ஒரு பேன் பெல்ட் வந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறியைச் சுற்றவைக்கிற பெல்ட். அது இல்லாவிட்டால் ஒரு மைலுக்குள் தண்ணீர் கொதித்து வண்டி நின்றுவிடும். பாய் வழக்கம்போலக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். என் மயிர் சிலிர்த்துப்போனது. 'ஜெனுவைன்' என்ற சொல்லில் 'யு' எழுத்தைக் காணோம். அங்கே காணாமல்போன 'யு', அடுத்த வரியில் 'கியாரண்டி'யில் இரண்டாக வந்து உட்கார்ந்திருந்தது. கடைசியில், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கையில் 'இமிட்டேஷன்' என்ற சொல்லில் ஒரு 'எம்' அதிகம்.

"முதலாளி, போலி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

முதலாளி பெட்டியை வாங்கி, நான் விரல் வைத்த இடத்தைச் சுழி பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார். ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா பாய், கடிக்காமலே கண்டுபிடிச்சுட்டாரு" என்றார். பாய் கையை நீட்டினார். திருப்பி அனுப்பும் முன்னால் பெல்ட்டை வாங்கி, உள்பக்கத்தில் அழியாத பென்சிலால் அரபியில் ஒரு எழுத்தைச் சின்னதாக எழுதிவைத்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார்.

பெட்டியோடு நான் ஏஜெண்டுக்கு ஒரு கடிதமும் வைத்தேன். இங்கிலீஷில், நல்ல தாளில், சிரத்தையாக எழுதினேன். பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, பக்கத்தில் சரியான எழுத்தையும் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் சொன்னதைக் கேட்டு, 'ஒட்டகச்சிவிங்கிக்குத் தலையில் இரண்டு கொம்புகள் உண்டு, தங்கள் படத்தில் அவை விடுபட்டிருக்கின்றன' என்றும் சேர்த்துவிட்டேன். ஒரு பித்தலாட்டக்காரனைத் தலைகுனிய வைத்துவிட்டதாக அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் மேலான திருத்தங்களுக்கு மிக்க நன்றி' என்று ஒரு கடிதம். கூடவே ஒரு புதுப் பெட்டி. முன்னதைவிட அட்டை கெட்டி, அச்சு பளிச்சென்று இருந்தது. 'யு' அதன் இடத்துக்கு வந்திருந்தது. 'எம்' ஒன்றுதான். ஒட்டகச்சிவிங்கிக்குக் கொம்பும் முளைத்திருந்தது. அதை வரைந்தவர் அந்த மிருகத்தைக் கண்டவர் இல்லை. ஜல்லிக்கட்டுக் காளையின் கொம்பை அப்படியே வைத்திருந்தார். விரிந்து, வளைந்து, நுனி சீவிய கொம்பு. நீண்ட கழுத்துக்கு மேலே அது, யாராவது பக்கத்தில் வந்தால் குத்திவிடும் போல நின்றது.

பாய் உள்ளே இருந்த பெல்ட்டைத் திருப்பி எனக்குக் காட்டினார். அவர் எழுதிய அரபி எழுத்து அப்படியே இருந்தது.

"அதே பெல்ட், ரைட்டரே. சட்டை மட்டும் புதுசு."

 நான் எழுதிய கடிதம்தான் அந்தச் சட்டையைத் தைத்தது என்பது புரிந்தது. ஆனால் முதலாளி பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"என்ன ரைட்டரே, எழுத்து சரியா இருக்கா?"

"எழுத்து சரியாத்தான் இருக்கு முதலாளி. ஆனா..."

"சரியா இருக்குல்ல? கையெழுத்துப் போடுங்க. வெள்ளிக்கிழமை வல்லத்திராக்கோட்டைக்காரங்க கல்யாணத்துக்கு வண்டி விடணும்."

அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. என் பரிசோதனை தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கையெழுத்துப் போட்டேன். பாய் பெல்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

முதலாளியிடம் ஒரு பழக்கம். மாட்டை விற்றவன் முதல் உழவுக்குக் கூட நிற்க வேண்டும் என்பார். அந்தப்படி, சாமானுக்குக் கையெழுத்துப் போட்ட நானும் கல்யாண பஸ்ஸில் ஏறிப் போகவேண்டும் என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஷெட்டுக்குப் போனால், டிரைவர் சீட்டில் பாய் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்பேனர் பை.

"நீங்க எதுக்கு பாய் வாரீங்க?"

"எப்படியும் என்னைக் கூப்பிட ஆள் அனுப்புவீங்க. அதான் முன்னாடியே ஏறிக்கிட்டேன்."

வல்லத்திராக்கோட்டையில் மாப்பிள்ளை வீட்டார் ஏறினார்கள். விவசாயக் குடும்பம். சீர்த் தட்டுகள், வாழைத்தார், மேளக்காரர்கள், நடுவில் மாப்பிள்ளை. பட்டு வேட்டி, பட்டு அங்கவஸ்திரம். கரியடுப்புப் புகை படாமல் இருக்க அவரை முன் வரிசையில் உட்காரவைத்து, இரண்டு அத்தைமார் முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தார்கள். முகூர்த்தம் அன்னவாசலில், பெண் வீட்டில். புதுக்கோட்டையைத் தாண்டி மூன்று மைல் போயிருப்போம். முன்னால் படீர் என்று ஒரு சத்தம். பிறகு தார் தீய்ந்த நாற்றம். வண்டி நின்றுவிட்டது.

பாய் இறங்கி மூடியைத் திறந்தார். பெல்ட் துண்டு துண்டாகத் தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, தலை நரைத்த பெரியவர், இறங்கி வந்தார். "என்னங்க ஆச்சு? முகூர்த்தத்துக்கு நேரமாகுது."

"விசிறி வார் அறுந்துபோச்சுங்க. வார் மாதிரி ஏதாவது வேணும். கயிறு வழுக்கிரும்" என்றார் பாய்.

எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பித் தவில்காரரைப் பார்த்தோம். தவிலைத் தோளில் மாட்டுகிற வார் நல்ல அகலமாக, எண்ணெய் போட்டு மினுமினுவென்று இருந்தது. தவில்காரர் தவிலோடு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாதுங்க. வார் போயிட்டா, தாலி கட்டுறப்ப இத இடுப்புல இடுக்கிக்கிட்டா அடிப்பேன்?"

"தாலி கட்டவே போக முடியலைன்னா நீ எங்க அடிப்பே?" என்றார் பெரியவர்.

"அன்னவாசலுக்கு நடந்தே வாரேங்க. வாரைக் குடுக்க மாட்டேன்."

அவர் சொன்னபடி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். நாதஸ்வரக்காரர் பின்னால் ஓடி அவரைப் பிடித்து இழுத்துவந்தார். இந்தக் கலாட்டாவில் பாய் மாப்பிள்ளையின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். கிட்டே போய், "தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி அங்கவஸ்திரத்தின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தார். விரலால் தேய்த்தார். எங்கே கடித்துவிடப்போகிறாரோ என்று பயந்தேன். கடித்தே விட்டார்.

"அசல் பட்டு. இது தாங்கும்" என்றார்.

அத்தைமார் இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. அதுவரை வாய் திறக்காதவர், எழுந்து அங்கவஸ்திரத்தை எடுத்துப் பாய் கையில் கொடுத்துவிட்டு, "சீக்கிரம் மாட்டுங்க, அங்க தேடுவாங்க" என்றார்.

பாய் அதைத் தண்ணீரில் நனைத்து முறுக்கினார். ஜரிகை உள்பக்கம் போகும்படி, ரொம்ப மரியாதையாக முறுக்கினார். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். வண்டி கிளம்பியது. பாய் மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு மைலுக்கும் நிறுத்தி அதன்மேல் தண்ணீர் தெளித்தார். தெளிக்கும்போதெல்லாம் அத்தைமாரில் ஒருவர் இறங்கிவந்து எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்று உள்ளே சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அன்னவாசலில் பெண்ணின் தாய்மாமன் மாலையோடு காத்திருந்தார். வெறும் தோளோடு இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்து அவர் முகம் மாறியது.

"அங்கவஸ்திரம் எங்கங்க?"

"இஞ்சின்ல சுத்திக்கிட்டிருக்கு" என்றார் பெரியவர். அவருக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தாய்மாமன் தன் தோளில் கிடந்ததை எடுத்து மாப்பிள்ளைக்குப் போட்டார். கல்யாணம் நேரத்துக்கு நடந்தது. தவில்காரர் அன்று அடித்த அடியைக் கேட்டவர்கள், அவர் யார்மேலோ கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாங்கள் சாப்பிட்டு முடிந்ததும் பாய் அங்கவஸ்திரத்தைக் கழற்றினார். பாதி கரியும் பாதி ஜரிகையுமாக இருந்தது. அதை மடித்து இரண்டு கையாலும் பெரியவரிடம் கொடுத்தார். அவரும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வருவதற்கு, பாய் எங்கிருந்தோ ஒரு மாட்டுவண்டிக்காரரிடம் தோல்வார் கேட்டு வாங்கியிருந்தார்.

மறு வாரம் திருச்சினாப்பள்ளி ஏஜெண்டே நேரில் வந்துவிட்டார். கோட்டுப் போட்டிருந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். ஷெட் வாசலில் நின்று, "கடுதாசி எழுதின இங்கிலீஷ் பண்டிதர் யாருங்க?" என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ஆறு அச்சுத் தாள்களை எடுத்து என் மேஜையில் பரப்பினார். பேரிங், பிளக், பிரேக், கேஸ்கட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். நீர்யானைகூட ஒன்று இருந்தது.

"அச்சாபீஸ்காரனுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதுங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

"கம்பெனி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"கம்பெனி சீமையிலதான் இருக்கு. யுத்தத்துல கப்பல் வரலீங்களே. கப்பல் வர்ற வரைக்கும் அவங்க மார்க்க ஜனங்க மறந்துறக் கூடாதுன்னு நாங்க இங்கிட்டுச் செஞ்சுக்கிட்டிருக்கோம்."

உண்மையிலேயே அவர்களுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துத்தான் பேசினார். முகத்தில் கொஞ்சமும் கள்ளம் இல்லை. வண்டிக்கடியிலிருந்து பாய் தலையை நீட்டி, "அந்தக் கொம்பு முட்டுமா?" என்று கேட்டார். ஏஜெண்ட் யோசித்து, "பெரிசாப் போச்சோ? சின்னதாக்கச் சொல்றேன்" என்று குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன். நீர்யானைத் தாளில் 'குவாலிட்டி' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, விடுபட்ட எழுத்தை மேலே எழுதி முடித்திருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகச் செய்திருக்கிறது. பாயும் அதைப் பார்த்துவிட்டார்.  தாள்களைச் சுருட்டி ஏஜெண்ட் கையில் கொடுத்து, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ரொம்ப வருத்தப்பட்டார். பழத்தை மட்டும் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

அன்றே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எனக்கு எழுத்துதான் தெரியும் முதலாளி. சாமானைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. பாய் சொல்றதைக் கேளுங்க."

முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தார்.

"எனக்குந்தான் தெரியாது. அதுக்கு என்ன இப்ப? பாய் சொல்றதக் கேட்டா வண்டி கல்லு மேல நிக்கிது. நீங்க சொல்றதக் கேட்டா அன்னவாசல் வரைக்கும் போகுதுல்ல."

"அன்னவாசலுக்குப் போனது அங்கவஸ்திரம், முதலாளி."

"எதுவா இருந்தா என்ன, போச்சுல்ல?"

 பரிசோதனை உத்தியோகம் என்னிடமே இருந்தது.

பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மலைவாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தார். ஒன்றை எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். யுத்த காலத்தில் நல்ல சாமான் என்று ஒன்று கிடையாது. மோசம், ரொம்ப மோசம் என்று இரண்டு ரகம்தான். மோசமானதைப் பாய் எப்படியாவது ஓட்டிவிடுவார். ரொம்ப மோசம் என்றால், தட்டிப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் ஒருமுறை இருமுவார். உடனே அந்தப் பெட்டியில் நான் எழுத்துப் பிழை கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பிழை இருந்தது. இல்லாதபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஊசியால் ஒரு எழுத்தைச் சுரண்டிவிட்டு அப்புறம் கண்டுபிடிப்பேன். முதலாளி ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்பட்டார். "மாட்டுல கூட இவ்வளவு சுழி கெடையாதுங்க" என்பார். கல்மேல் நின்ற இரண்டு வண்டிகளும் மூன்று மாதத்தில் இறங்கி ஓடின.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் கழித்துத்தான் அசல் சீமைச் சாமான் வந்தது. ஒரு பேன் பெல்ட். மஞ்சள் அட்டை இல்லை, ஒட்டகச்சிவிங்கி இல்லை. சாணித்தாள் மாதிரி ஒரு பழுப்புப் பெட்டி, மேலே ரப்பர் முத்திரை. அவர்களுக்கும் தாள் பஞ்சம்போலும். முத்திரை சரியாக விழாமல் 'ஜெனுவைன்' பாதி அழிந்திருந்தது. பாய் பெல்ட்டை வளைத்தார், முகர்ந்தார், ஒரு ஓரத்தைக் கடித்தார். கடித்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இதற்குள் முதலாளி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். "மிருகத்தக் காணோம், எழுத்தும் கொறையுது. போலி. திருப்பி அனுப்புங்க" என்றார். இத்தனை நாளில் எழுத்தின் வடிவங்கள் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. அதற்கும் நான்தான் காரணம்.

பாய் என்னைப் பார்த்தார். இருமவில்லை. நான் பெட்டியை என் மேஜைக்கு எடுத்துப்போய், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் பேனாவால் விட்டுப்போன எழுத்துகளை நிரப்பினேன். பிறகு பாய் பக்கத்தில் நின்று அளவு சொல்லச் சொல்ல, ஒரு ஒட்டகச்சிவிங்கியை வரைந்தேன். கொம்பு விரல் நகம் அளவு போதும் என்றார். வால் நுனியில் குஞ்சம் உண்டு என்றார். எனக்குச் சித்திரம் வராது. கழுதைக்குக் கழுத்து நீண்டதுபோல வந்தது. முதலாளி திரும்பிவந்து, பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல சரியாப் பாக்கல போல. இருக்குதே" என்றார்.

பாய் அன்று மத்தியானமே அந்தப் பெல்ட்டை ஒரு வண்டியில் மாட்டினார். அந்த வண்டி ஓடித் தேய்ந்து, ஒருநாள் பழைய இரும்புக்குப் போயிற்று. பாய் அதற்கு முன்னால் பெல்ட்டைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டினார். நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்தபோதும் அது அங்கே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.